திரையில் விழாத தெரு

லேப்டாப் திரை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று உலகத்தில் எங்கேயோ நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அவர்களில் ஒருவராவது என் கையில் சிக்கினால் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட காலத்தில் திரை கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது. பிறகு சினிமா பார்க்க வசதி என்று அகலமாக இழுத்தார்கள். இப்போது படிக்க வசதி என்று மறுபடி உயரத்தைக் கூட்டுகிறார்கள். செஞ்சியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிற பிள்ளைகள், "அக்கா, இது புது மாடல், ஹைட் ஜாஸ்தி" என்று பெருமையாகக் காட்டும்போது சிரித்துவைப்பேன். இப்படிப் புதிதாக வந்த ஓர் அகலத் திரையை நம்பித்தான் நான் பிறந்து வளர்ந்த தெருவை ஊர் முன்னால் தொலைத்துவிட்டு நின்றேன்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்ட எல்லாரும் நலமாக இருக்கிறார்கள், பட்டா நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். மேற்கே மேலத்தெரு, அதற்கு அடுத்து நடுத்தெரு, பிறகு ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் எங்கள் கிழக்குத் தெரு. அரசாங்கக் காகிதத்தில் அதற்குக் காலனி என்று பெயர். தார் ரோடோ, கம்பத்து விளக்கோ, எதுவாக இருந்தாலும் ஓடைவரை ஜோராக வரும். ஓடையைத் தாண்ட வருஷக்கணக்கில் யோசிக்கும்.

அந்த வருஷம் ஊருக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டி வீதிக்கு வீதி குழாய் போடத் திட்டம் வந்திருந்தது. குழாய் எதுவரை போகும் என்பது மே தினத்துக் கிராமசபையில் முடிவாகிவிடும். "ஒங்க பக்கம் அடுத்த தபா பாத்துக்கலாம்" என்று பஞ்சாயத்துத் தலைவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அடுத்த தபா என்றால் எவ்வளவு காலம் என்பது எங்களுக்குப் பழக்கம். தெரு முழுமைக்கும் ஒரே ஒரு கைப்பம்பு. கோடையில் அது தண்ணீரைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுக்கும். பெண்கள் குடத்தோடு ஓடையைத் தாண்டிப் போய், நடுத்தெருக் குழாயடியில் அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை நிற்பார்கள். என் அம்மாவும் நின்றிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்போது நான் எம்.சி.ஏ. முடித்த கையோடு செஞ்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படிப்பு தலைக்கு ஏறி, இறங்க வழி தெரியாமல் இருந்த வயது. "கிராமசபையில வாயால கேட்டா எவனும் கேக்க மாட்டான் நைனா. ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டணும். எங்க தெரு எங்க இருக்குது, எத்தினி வூடு இருக்குதுன்னு கண்ணால பாக்கட்டும்" என்றேன். என் நைனா கொத்தனார். அவருக்கு இந்த யோசனை பிடித்ததைவிட, அதை என் வாயால் கேட்டது பிடித்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு நம்ம தெருவ படம் போட்டுக் காட்டப்போறா. எல்லாரும் வந்துடுங்க."

என்னிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. சதுரத் திரை. கீல் உடைந்து, மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதில்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஊர் வரைபடத்தைப் போட்டேன். தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயை நீலக் கோடாக வரைந்து, மேலத்தெரு, நடுத்தெரு, ஓடை எல்லாம் தாண்டிக் கடைசி வீடுவரை இழுத்தேன். கடைசி வீடு எங்களுடையது. அதற்கு மட்டும் சிவப்பு வண்ணம் கொடுத்தேன். (பொதுக்காரியத்தில் சொந்த ஆசை கலந்ததற்குத் தண்டனை பிற்பாடு வந்தது.)

அப்படியே விட்டிருந்தால் நான் இன்று இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. ஆனால் ஊர் முன்னால் போய் ரப்பர் பேண்டை அவிழ்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் முதலாளி அப்போதுதான் புதிதாக ஓர் அகல லேப்டாப் வாங்கியிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் இரவல் வாங்கினேன். படத்தை அதில் ஏற்றிப் பார்த்தால், சதுரப் படம் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இவ்வளவு அகலம் கொடுத்திருக்கிறார்களே, வீணாகப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மேலத்தெருவை இடது ஓரத்துக்கு இழுத்தேன். எங்கள் தெருவை வலது ஓரத்துக்கு நகர்த்தினேன். எல்லா வீடும் விசாலமாக உட்கார்ந்தது. எங்கள் சிவப்பு வீடு திரையின் கடைசி விளிம்பில் ஜம்மென்று நின்றது.

மே தினத்தன்று பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் ஷாமியானா துணி கட்டியிருந்தார்கள். காற்றும் வரவில்லை. செஞ்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரகு அண்ணன், கல்யாண வீடுகளில் ஓட்டுகிற தன் பழைய புரொஜக்டரைக் கொண்டுவந்து வைத்தார். அது சதுரப் படம் காலத்து இயந்திரம்.

"ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடலாமா பாப்பா?" என்றார்.

"அதெல்லாம் தானா வரும்ணே" என்றேன்.

முதலில் மேலத்தெரு சிமெண்ட் ரோட்டுக்குத் தீர்மானம். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் அடி என்று ஊராட்சிச் செயலர் படித்தார். கை தூக்கினார்கள், நிறைவேறியது, கைதட்டினார்கள். அடுத்து குடிநீர். தலைவர் என்னைப் பார்த்து, "இன்னாமோ காட்டணும்னியேம்மா. சட்டுனு காட்டு" என்றார். வட்டார அலுவலகத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி அம்மாவுக்கு மதியம் இன்னொரு ஊரிலும் கூட்டம் இருந்தது. அவர் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். லேப்டாப் என்னைப் பார்த்தபடி மேஜைமேல். படம் விழுகிற சுவர் என் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. லேப்டாப் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அது போதுமென்று இருந்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே. ஓடைக்குக் கிழக்கே இத்தனை குடும்பங்கள் வாழ்வதை இந்த அவை கண்ணாரக் காண வேண்டும்" என்று ஆரம்பித்தேன். "ஒவ்வொரு வீடும் இதோ உங்கள் கண்முன்னால்."

ஹால் கப்சிப்பென்று ஆனது. அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். மேடைப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். தெருவின் தாகம், தாய்மார்களின் கண்ணீர் என்று ஒரு சுற்று வந்துவிட்டேன்.

முன்வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தா அத்தை உட்கார்ந்திருந்தாள். "எங்கம்மா இருக்குது நம்ம தெரு?" என்றாள்.

"நல்லாப் பாருங்க அத்த. வலது கைப்பக்கம்."

"வலது கைப்பக்கம் ஒண்ணியும் காணமேம்மா. வெறுஞ்செவுரு தான்."

திரும்பினேன். மேலத்தெரு இருந்தது. நடுத்தெரு இருந்தது. ஓடை அழகாக, நான் கொடுத்த நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு படம் முடிந்துவிட்டது. என் அகலத் திரையின் வலது பக்கத்தைப் பழைய புரொஜக்டர் ஏற்க மறுத்து வெட்டித் தள்ளியிருந்தது. இதுவரைக்கும் எங்களை விட்டுப்போன எல்லாரையும் போல அதுவும் ஓடைக்கரையில் நின்றுவிட்டது.

நடுத்தெரு ஆள் ஒருவர், "அவங்க படத்துலயே அவங்க தெரு இல்லியே. அப்புறம் இன்னாத்துக்குப் பைப்பு?" என்றார். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. செயலர் பேனா மூடியைக் கழற்றினார். ஓடைவரை என்று எழுதிவிட்டால் முடிந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்பதுதான் ரெசல்யூஷன். புது லேப்டாப்புக்குக் குறுக்கே 1366 புள்ளி, பழைய புரொஜக்டருக்கு 1024. அந்தக் கணக்கைக் குறைத்துவிட்டால் மொத்தப் படமும் உள்ளே வந்துவிடும். பதற்றத்தில் கையிலிருந்த மைக்கை மறந்து ரகு அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே, ரெசல்யூஷன் தப்பா இருக்குது. மாத்தணும்."

எங்கள் ஊரில் ரெசல்யூஷன் என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். கிராமசபைத் தீர்மானம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். இப்போதுதான் ஒன்று நிறைவேறி, கைதட்டின சூடுகூட ஆறவில்லை.

"எந்த ரெசல்யூஷன மாத்தணும்?" என்று மேலத்தெரு டிராக்டர்காரர் ஒருவர் எழுந்தார்.

நான் அவரைக் கவனிக்கவில்லை. லேப்டாப்புக்குள் தலையை விட்டபடி, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "ஆயிரத்து முன்னூத்தி அறுவத்தாறு ரொம்ப அதிகம்ணே. ஆயிரத்து இருவத்தி நாலா கொறைச்சாத்தான் எங்க தெரு வரும்."

அதன்பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. மேலத்தெரு மொத்தமும் எழுந்துவிட்டது.

"எங்க ரோட்ல முன்னூறு அடி கொறைக்கச் சொல்றா பாத்தியா?"

"கை தூக்கி பாஸானதும்மா அது. மைக்க வச்சிக்கினு மாத்துவியா நீ?"

"ரோடு இல்லீங்க, புள்ளி" என்றேன்.

"இன்னா புள்ளி? யாரு சொல்லிக்குடுத்த புள்ளி?"

டிராக்டர்காரர், "மொதல்ல இந்த மெஷின நிறுத்துங்கடா" என்றபடி சுவரோரமாக பிளக்கைப் பார்த்து நடந்தார். அந்த நேரம் எங்கிருந்தோ நைனா வந்து சுவிட்ச் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை. "ஒயர்ல கை வெக்காதீங்க. பொண்ணு பேசி முடிக்கட்டும்" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான். எங்கள் ஊரில் இப்படி ஒரு முழ இடைவெளியில் ஆரம்பித்த சண்டைகள் ஸ்டேஷன்வரை போயிருக்கின்றன.

தலைவர், "இது சரிப்படாது. கூட்டத்த முடிச்சிக்கலாம்" என்றார். அதிகாரி அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தார். "ஓடை வரைக்கும்னு இருக்கிறத எழுதிட்டு அனுப்புங்க. மிச்சம் அடுத்த கூட்டத்துல" என்றார்.

நான் செட்டிங்கைத் திறந்து 1024-ஐ அமுக்கினேன். லேப்டாப், சுவர், இரண்டும் இருண்டுபோயின. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். பதில் வராவிட்டால் பதினைந்து விநாடியில் தானாகப் பழையபடி மாறிவிடும். அந்தக் கேள்வியை அது எந்த இருட்டில் கேட்டதோ எனக்குத் தெரியவில்லை. மறுபடி வெளிச்சம் வந்தது. மேலத்தெரு, நடுத்தெரு, ஓடை. திரும்ப அமுக்கினேன். திரும்ப இருட்டு. திரும்ப ஓடை.

வசந்தா அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். "அவனுங்கதான் நம்மள வுட்டுட்டுப் போவானுங்க. நீயுமாடி?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. (இரவல் லேப்டாப் ஆயிற்றே என்று அந்த நிலையிலும் துப்பட்டாவால் துடைத்தேன்.) நைனா என்னைப் பார்க்கவே இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கூட்டிவந்தவர் அவர்தான். செயலர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அத்தை என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கையை ஆட்டினாள்.

"ஏந்துருங்கடி. படத்துல இல்லன்னா இன்னா? ஆளு இருக்கிறோம் இல்ல."

அவள் விறுவிறுவென்று சுவருக்குப் போய், ஓடை முடிகிற இடத்துக்கு அப்பால், வெளிச்சம் விழாத வெறும் சுவரில் கை வைத்தாள். "மாரி, நீ மொத வூடு, இங்க நில்லு. ஓடைய மிதிக்காத, தள்ளி நில்லு. அடுத்து யாரு? கஸ்தூரி, வா." வீட்டுக்கு ஒருவராகப் போய், தெருவில் வீடு இருக்கிற வரிசையிலேயே சுவரில் முதுகை ஒட்டி நின்றார்கள். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பதில் ஒரு வாக்குவாதம்கூட நடந்தது. வேலி விஷயமாக வருஷக்கணக்கில் பேசாத இரண்டு பேர், முகத்தைத் திருப்பிக்கொண்டே அடுத்தடுத்து நின்றார்கள். மேலத்தெருக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டிராக்டர்காரர்கூடச் சுவரைத்தான் பார்த்தார். நைனா மட்டும் பிளக்கை விட்டு நகரவில்லை.

அத்தை கடைசியாக நின்றாள். அவளுக்கு அப்புறம் சுவர் இல்லை, ஜன்னல்.

அதிகாரி அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்தார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து வந்தார். "இவ்வளவு வீடு இருக்கா?" என்று தலைவரைக் கேட்டார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இருக்குதும்மா. அதாம்மா, நாங்களே சேத்துடலாம்னு தான்…" என்றார்.

"இதான் கடைசி வீடா?" என்று அதிகாரி அம்மா அத்தையிடம் கேட்டார்.

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பார்த்தாள், ஜன்னல்தான் இருந்தது. "ஆமாம்மா, இதான் கடைசி" என்றாள்.

"எழுதிக்குங்க. கிழக்குத் தெருவில் வசந்தா அவர்கள் வீடு வரை." கை தூக்கினார்கள். மேலத்தெருவிலும் சில கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது.

சரியாக அந்த நேரத்தில் என் விரல் எதையோ அமுக்க, சுவரில் மொத்தப் படமும் வந்துவிட்டது. கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாற்போல் இருந்தாலும் எங்கள் தெரு முழுசாக, சிவப்பு வீட்டோடு தெரிந்தது. நான் மைக்கில், "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று கூவினேன்.

"நாங்க வந்து எவ்ளோ நேரம் ஆவுது" என்றாள் அத்தை.

ஹால் சிரித்தது. மேலத்தெருவும் சேர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் நான் மேஜைக்கு அடியில் ஒயரைத் தேடுகிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடு சுவரில் நிற்கவில்லை என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாருமே கவனிக்கவில்லை. அம்மா கைப்பம்பு வரிசையில் குடத்தோடு நின்றிருந்தாள். நைனா பிளக்கைக் காத்தார். நான் 1024-ஐத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் குழாய் ஓடையைத் தாண்டி வந்தது. முதல்நாள் தண்ணீர் வந்தபோது தெருவே வெளியில் நின்றது. ஒப்பந்தக்காரர் கையில் தீர்மான நகல் இருந்தது. வசந்தா அத்தை வீட்டு வாசலில் குழாயை மடக்கி மூடி போட்டுவிட்டு, "எழுத்துல இதுவரைக்கும் தான் இருக்குது" என்று சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் சிவப்பு வீட்டுக்கு இன்னும் ஒரு வீட்டு மனை தூரம். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அத்தை வாசலுக்குப் போனபோது, "ஒம் பொண்ணு போட்ட ரெசல்யூஷனு, எங்க வூட்டோட முடிஞ்சிப்போச்சி. பரவால்ல, புடிச்சிக்கோ" என்று அத்தை சொன்னாளாம். அம்மா சிரித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் ஒரு வருஷத்துக்குமேல் அங்கேதான் தண்ணீர் பிடித்தாள்.

பிறகு இன்னொரு கிராமசபையில் தனியாக ஒரு தீர்மானம் போட்டு, விட்டுப்போன அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் குழாயை நீட்டினார்கள். பழைய குழாய் ஓர் அளவு, புதுக் குழாய் ஓர் அளவு. இரண்டையும் சேர்த்த இணைப்பு இன்றுவரை மாசத்துக்கு ஒருமுறை கசிகிறது. தெருவில் அந்த இணைப்புக்குப் பெயரே ரெசல்யூஷன் என்றாகிவிட்டது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் குழாய் இணைப்புக்கு அதுதான் வார்த்தை என்று நம்புகிறார்கள்.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலைதான். கல்யாணமான புதிதில் ஊருக்கு வந்து தங்கியிருந்தபோது ஒருநாள் காலையில் வசந்தா அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ரெசல்யூஷன் ஒழுவுதுடி, யாராச்சும் வந்து பாருங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் பாவம், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிப்போய் என் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.